பணம் போனது, டிக்கெட் வரவில்லை: விமான முன்பதிவுத் தளம் முரண்டு பிடிக்கும்போது

விமான டிக்கெட் விற்கும் தளங்களில் எந்தக் கோளாறு வந்தாலும் திரையில் வரும் வாசகம் ஒன்றுதான்: "ஏதோ தவறு நேர்ந்துவிட்டது. சிறிது நேரம் கழித்து முயலவும்." என்ன தவறு, யார் பக்கத்துத் தவறு, பணம் போயிற்றா இல்லையா என்று ஒரு சொல்லும் இருக்காது. அதனால் தளம் சொல்லும் காரணத்தை நம்பாமல், உங்கள் கண்ணுக்குத் தெரியும் அறிகுறியை வைத்தே இந்த வழிமுறையை எழுதியிருக்கிறேன். உங்களுக்கு நேர்ந்ததற்கு நெருக்கமான தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். அடுத்த பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள். மற்ற எல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

முதலில்: இருக்கை வேறு, பணம் வேறு, டிக்கெட் வேறு

"முன்பதிவு செய்துவிட்டேன்" என்று நாம் ஒரே மூச்சில் சொல்வதற்குள் மூன்று காரியங்கள் நடக்கின்றன. விமான நிறுவனத்தின் முன்பதிவுக் கணினி உங்கள் பெயருக்கு இருக்கை ஒதுக்கி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீடு ஒன்றைத் தருகிறது, அது பி.என்.ஆர். வங்கியின் வலையமைப்பு உங்கள் கார்டிலிருந்து பணத்தைப் பிடித்து வைக்கிறது. பிறகு அந்தப் பணத்துக்கு டிக்கெட் எழுதப்படுகிறது. டிக்கெட்டின் எண்ணுக்கு 13 இலக்கங்கள். முதல் மூன்று இலக்கங்கள் எந்த நிறுவனத்தின் டிக்கெட் என்று காட்டும். 098 என்றால் ஏர் இந்தியா, 176 என்றால் எமிரேட்ஸ், 618 என்றால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்.

இந்த மூன்றும் தனித்தனி அமைப்புகளில் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று நடந்து இன்னொன்று நடக்காமல் போகலாம். காகித டிக்கெட் இருந்த காலத்தில் இந்தக் குழப்பம் இல்லை; கையில் தாள் இருந்தால் டிக்கெட் இருக்கிறது என்று பொருள். 2008 ஜூன் 1 முதல் தன் உறுப்பு நிறுவனங்கள் காகிதத்தை விட்டு முழுக்க மின்டிக்கெட்டுக்கு மாற வேண்டும் என்று சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் ஏற்பாடு செய்தது. அதற்குப் பிறகு நம் கையில் இருப்பது ஒரு மின்னஞ்சல்தான்.

நாம் பார்க்கும் பளபளப்பான பக்கத்துக்கு வயது குறைவு. அதன் அடியில் ஓடுவது 1960களில் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து கட்டிய சேபர், ஐரோப்பிய நிறுவனங்கள் 1987இல் தொடங்கிய அமடியஸ் போன்ற முன்பதிவு அமைப்புகளின் வழிவந்த ஏற்பாடு. இணையதளம் என்பது நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர் மாதிரி. மொழிபெயர்ப்பாளர் மயங்கி விழுந்தாலும் உள்ளே பேச்சு முடிந்திருக்கலாம். ஆகவே திரையில் பிழை வந்துவிட்டது என்பதால் முன்பதிவு நடக்கவில்லை என்று ஆகாது. திரையில் பச்சை நிறச் சரிக்குறி வந்துவிட்டது என்பதால் டிக்கெட் வந்துவிட்டது என்றும் ஆகாது.

அறிகுறி: பணம் போய்விட்டது, திரையில் பிழை

முதல் விதி: மறுபடி பணம் கட்டாதீர்கள். நான் கட்டினேன்.

அம்மாவுக்கும் எனக்கும் இரண்டு இருக்கைகள். இரவு பதினொன்றே முக்கால். ஓ.டி.பி. போட்டேன், வட்டம் சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது. பிறகு "உங்கள் அமர்வு முடிந்துவிட்டது" என்று ஒரு வெள்ளைப் பக்கம். கைபேசியில் வங்கியின் குறுஞ்செய்தி வந்து விழுந்தது. இருக்கைகள் போய்விடுமோ என்ற பதற்றத்தில் முதலிலிருந்து தொடங்கி மறுபடி கட்டினேன். இம்முறை பச்சைச் சரிக்குறி வந்தது. நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் பார்த்தால் இரண்டு மின்னஞ்சல்கள், இரண்டு பி.என்.ஆர். முதலாவதில் டிக்கெட் எண்கள் இருந்தன. பச்சைச் சரிக்குறி காட்டிய இரண்டாவதில் "டிக்கெட் எண்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வெறும் கோடு. மாலையில் மூன்றாவது மின்னஞ்சல்: ஒரே பயணிகளுக்கு இரட்டை முன்பதிவு இருந்ததால் ஒன்று ரத்து செய்யப்பட்டது. ரத்தானது முதலாவது. டிக்கெட் இருந்த முன்பதிவில் இருக்கை இல்லை. இருக்கை இருந்த முன்பதிவில் டிக்கெட் இல்லை.

இது எனக்கு மட்டும் நேர்ந்த அதிசயம் அல்ல. ஒரே பெயர், ஒரே விமானம், இரண்டு முன்பதிவு என்றால் அதைத் தேடிப்பிடித்து நீக்கும் நிரல்கள் பல விமான நிறுவனங்களில் ஓடுகின்றன. எதை நீக்க வேண்டும் என்று அவை உங்களைக் கேட்பதில்லை.

ஆகவே பதறாமல் வரிசையாகப் பாருங்கள். மின்னஞ்சலில் ஸ்பேம் பெட்டியையும் சேர்த்துத் தேடுங்கள். வங்கிச் செயலியைத் திறந்து, அந்தத் தொகை "நிலுவை" என்று இருக்கிறதா, முழுமையாகக் கழிந்துவிட்டதா என்று பாருங்கள். நிலுவை என்றால் வங்கி தொகையை ஒதுக்கி வைத்திருக்கிறது, விமான நிறுவனம் இன்னும் எடுக்கவில்லை என்று பொருள். பிறகு விமான நிறுவனத்தின் தளத்தில் "என் முன்பதிவுகள்" பக்கத்துக்குப் போங்கள். உறுப்பினர் கணக்கில் நுழைந்தபடியே முன்பதிவு செய்திருந்தால் மின்னஞ்சல் வராவிட்டாலும் அது அங்கே தெரியக்கூடும்.

இப்போது நான்கில் ஒரு நிலையில் இருப்பீர்கள்.

பணம் நிலுவையில் இருக்கிறது, பி.என்.ஆர். எங்கும் இல்லை. இது ஆபத்தில்லாத நிலை, எரிச்சல் மட்டும். யாரும் எடுத்துக்கொள்ளாத தொகையை வங்கி சில நாட்களில் தானே விடுவித்துவிடும். கடன் அட்டை என்றால் அதிகம் தெரியாது. டெபிட் கார்டு என்றால் அதுவரை உங்கள் சொந்தப் பணம் முடங்கிக் கிடக்கும். டிக்கெட் கட்ட டெபிட் கார்டைத் தவிர்க்கும்படி நான் எல்லோரிடமும் சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

பணம் போயிருக்கிறது, பி.என்.ஆர். இருக்கிறது, 13 இலக்க எண் இல்லை. இதுதான் ஆபத்தான நிலை. ஏமாற்றும் நிலையும் இதுவே. எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் டிக்கெட் எழுதப்படாத முன்பதிவுக்குக் கெடு நேரம் உண்டு. அது தாண்டினால் இருக்கைகள் சத்தமில்லாமல் திரும்பப் போய்விடும். அன்றைக்கே தொலைபேசியில் அழையுங்கள். அழைக்கும்போது "என் முன்பதிவு உறுதியா?" என்று கேட்காதீர்கள். எதிர்முனையில் இருப்பவர் தன் திரையில் ஹெச்.கே. என்ற நிலைக்குறியைப் பார்த்து "உறுதிதான்" என்று சொல்லி வைத்துவிடுவார். அது இருக்கை உறுதி என்று மட்டுமே சொல்லும் குறி. "டிக்கெட் எண் வந்திருக்கிறதா? வந்திருந்தால் படித்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துப்போவதானால் இதை எடுத்துப்போங்கள்.

டிக்கெட் எண் இருக்கிறது, மின்னஞ்சல்தான் வரவில்லை. கவலை வேண்டாம். தளத்திலேயே மறுபடி அனுப்பச் சொல்லும் பொத்தான் இருக்கும்.

என்னைப் போல இரண்டு பி.என்.ஆர்., இரண்டு முறை பணம். நிரல் முந்திக்கொள்வதற்குள் நீங்கள் அழைத்து, எதை வைத்துக்கொள்ள வேண்டும், எதை நீக்க வேண்டும் என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். அமெரிக்காவுக்குச் செல்லும், அங்கிருந்து புறப்படும் பயணம் என்றால் வசதி ஒன்று உண்டு: புறப்பாட்டுக்குக் குறைந்தது ஏழு நாட்களுக்கு முன்னால் நேரடியாக விமான நிறுவனத்திடம் வாங்கிய டிக்கெட்டை 24 மணி நேரத்துக்குள் அபராதமின்றி ரத்து செய்யவோ, அல்லது பணம் கட்டாமலே முன்பதிவை அதே விலையில் 24 மணி நேரம் பிடித்துவைக்கவோ நிறுவனம் இடம் தர வேண்டும் என்பது அந்நாட்டுப் போக்குவரத்துத் துறையின் விதி. இரண்டில் எது என்பது நிறுவனத்தின் விருப்பம். மற்ற நாடுகளில் விதி வேறுபடும். கட்டண நிபந்தனையைப் படித்துவிட்டு ரத்து செய்யுங்கள்.

அறிகுறி: சொடுக்கியதும் விலை ஏறிவிடுகிறது

இதற்குக் குக்கிதான் (தளம் நம் உலாவியில் விட்டுவைக்கும் குறிப்புக் கோப்பு) காரணம், நாம் திரும்பத் திரும்பத் தேடுவதைப் பார்த்துத் தளம் விலையை ஏற்றுகிறது என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். தனிப்பட்ட உலாவல் சாளரத்தில் தேடிப் பாருங்கள், தவறில்லை. என் அனுபவத்தில் பெரும்பாலும் அதே விலைதான் வரும். உண்மையான காரணங்கள் இதைவிடச் சலிப்பானவை.

ஒப்பீட்டுத் தளத்தில் நீங்கள் பார்த்தது சற்று முன்பு யாரோ தேடியபோது சேமித்து வைத்த விலை. ஒவ்வொரு தேடலுக்கும் விமான நிறுவனத்தின் கணினியை எழுப்பிக் கேட்பது செலவு என்பதால் பழைய விடையையே காட்டுகிறார்கள். சொடுக்கியதும்தான் உண்மையான கேள்வி போகிறது.

இரண்டாவது காரணம் குடும்பத்தோடு போகிறவர்களைக் கடிப்பது. விமானத்தின் ஒரே பகுதியில், ஒரே மாதிரி இருக்கைகளுக்குள், ஒய், எம், க்யூ என்று ஆங்கில எழுத்துகளால் பெயரிட்ட பல கட்டண வகுப்புகள் உண்டு. மலிவான வகுப்பில் மூன்று இருக்கைகள் மிச்சம் இருக்கின்றன, நீங்கள் நான்கு பேருக்குத் தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல தளங்கள் மூவருக்கு மலிவு, ஒருவருக்கு அதிகம் என்று பிரிக்காது. நால்வருக்கும் சேர்த்து இடமுள்ள அடுத்த வகுப்பின் விலையை நால்வருக்கும் போட்டுவிடும். சோதிப்பது எளிது: ஒருவருக்குத் தேடுங்கள், பிறகு இருவருக்கு, மூவருக்கு, நால்வருக்கு. எந்த எண்ணிக்கையில் தலைக்கு விலை எகிறுகிறதோ அங்கே மலிவு வகுப்பு தீர்ந்திருக்கிறது. மூன்றும் ஒன்றுமாகப் பிரித்து வாங்கினால் பணம் மிச்சமாகும். ஆனால் இரண்டு பி.என்.ஆர். ஆகிவிடும், விமானம் ரத்தானால் மூவரை ஒரு விமானத்திலும் ஒருவரை மறுநாள் விமானத்திலும் போடக் கணினிக்குத் தயக்கம் இருக்காது. சிறு குழந்தையோ முதியவரோ உடன் இருந்தால் நான் பிரிக்க மாட்டேன்.

கட்டணம் அதேதான், இறுதித் தொகை மட்டும் கூடியிருக்கிறது என்றால் இடையில் என்ன சேர்ந்தது என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008ஆம் ஆண்டின் 1008ஆம் எண் ஒழுங்குமுறைப்படி காப்பீடு போன்ற உபரிகளை முன்கூட்டியே டிக் செய்து வைக்கக் கூடாது. பயணி தானாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். விதி இல்லாத இடங்களில் அந்த டிக் இன்னும் உங்களுக்காகக் காத்திருக்கும். இருக்கை தேர்வுப் பக்கம் இன்னும் சாமர்த்தியமானது. ஏதாவது ஓர் இருக்கையைத் தேர்ந்தெடுத்தால்தான் மேலே போக முடியும் என்பதுபோல இருக்கும். "தவிர்" என்ற சொல் சாம்பல் நிறத்தில் கீழே ஒளிந்திருக்கும். கடைசியாக, பணம் கட்டும் பக்கத்தில் "உங்கள் நாணயத்திலேயே கட்டலாம்" என்று ஒரு கனிவான யோசனை வந்தால் மறுத்துவிடுவது நல்லது. அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் உங்கள் வங்கியின் விகிதத்தைவிட மோசமாகவே இருக்கும்.

அறிகுறி: படிவம் முதலுக்கே திரும்புகிறது, அல்லது தேதி தானாக மாறுகிறது

உலாவியின் இரண்டு தாவல்களில் ஒரே தளத்தைத் திறந்து வைத்து, ஒன்றில் வெள்ளிக்கிழமை விமானம், இன்னொன்றில் சனிக்கிழமை விமானம் என்று ஒப்பிட்டீர்களா? பல தளங்களில் இரண்டு தாவல்களுக்கும் பின்னால் இருப்பது ஒரே கூடை. கடைசியாகத் தொட்ட விமானம்தான் கூடையில் இருக்கும். வெள்ளிக்கிழமை என்று திரையில் பார்த்துக்கொண்டே சனிக்கிழமைக்குப் பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். ஒப்பிட்டு முடித்ததும் எல்லாத் தாவல்களையும் மூடிவிட்டு, வாங்குவதற்கென்று ஒரே ஒரு தாவலைப் புதிதாகத் திறங்கள். உலாவியின் பின்செல்லும் பொத்தானையும் தொடாதீர்கள். தளத்துக்குள்ளேயே இருக்கும் "மாற்று" என்ற இணைப்பைப் பயன்படுத்துங்கள்.

அடுத்து விளம்பரத் தடுப்பானை அந்தத் தளத்துக்கு மட்டும் நிறுத்திப் பாருங்கள். வங்கியின் சரிபார்ப்புப் பக்கம் ஒரு சட்டகத்துக்குள் வேறொரு தளத்திலிருந்து வருவது. தடுப்பான் அதை விளம்பரம் என்று நினைத்து விழுங்கிவிடும். நீங்கள் இருக்கும் இடத்தை மறைக்கும் வி.பி.என். இருந்தால் அணைத்துவிடுங்கள்.

யாரும் சந்தேகிக்காத குற்றவாளி, உலாவியின் தானியங்கி மொழிபெயர்ப்பு. அயல்மொழித் தளத்தில் புரிவதற்காக அதைப் போட்டிருப்போம். அது பக்கத்தின் எழுத்துகளை அடியிலிருந்து மாற்றி எழுதும்போது, அதே எழுத்துகளைக் கையாண்டுகொண்டிருக்கும் தளத்தின் நிரல் தடுமாறி நின்றுவிடும். பொத்தான் அழுந்தாது, பக்கம் வெறுமையாகும். படிக்கும்வரை மொழிபெயர்ப்பு இருக்கட்டும். படிவத்தை நிரப்பும்போது வேண்டாம்.

தானாக நிரப்பும் வசதியும் அப்படியே. மூன்றாவது பயணியின் பெட்டியில் உங்கள் பெயரையே அது கமுக்கமாக எழுதி வைக்கும். பணம் கட்டும் முன் வரும் சுருக்கப் பக்கத்தில் பெயர், தேதி, ஊர் மூன்றையும் விரல் வைத்துப் படியுங்கள்.

குழந்தையின் வயதைப் போட்டதும் படிவம் சிவக்கிறதா? இரண்டு வயது நிரம்பாத குழந்தைதான் மடியில் உட்காரும் கணக்கு. போகும்போது இரண்டு நிரம்பாமல், திரும்பும் நாளுக்குள் நிரம்பிவிட்டால் பல படிவங்களுக்கு அதைக் கையாளத் தெரியாது. இது தொலைபேசியில்தான் தீரும்.

அறிகுறி: கார்டில் பணம் இருக்கிறது, ஆனாலும் மறுக்கிறது

இரண்டு முறை மறுத்தால் நிறுத்துங்கள். மூன்றாவது, நான்காவது முயற்சியில் வங்கியின் மோசடிக் கண்காணிப்பு விழித்துக்கொண்டு கார்டையே முடக்கிவிடும். பிறகு சரியான காரணம் தெரிந்தாலும் பயனில்லை.

பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று. வெளிநாட்டுப் பரிவர்த்தனை கார்டில் அணைந்திருக்கிறது: வங்கிச் செயலியில் போட்டுவிடலாம். முகவரியின் அஞ்சல் குறியீடு வங்கியில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை: கார்டு எந்த முகவரிக்கு வருகிறதோ அதை எழுதுங்கள். ஓ.டி.பி. வரவேண்டிய சிம் வேறொரு நாட்டில் அலைவரிசை பிடிக்காமல் கிடக்கிறது: வங்கிச் செயலிக்குள்ளேயே ஒப்புதல் தரும் வசதி இருந்தால் பயணத்துக்கு முன்பே அதற்கு மாறிவிடுங்கள்.

அறிகுறி: பெயரைத் தளம் ஏற்கவில்லை, அல்லது கோணலாக அச்சாகிறது

விமானக் கணினிகள் பெயரைப் பார்க்கும் விதம் ஒரு பழைய தந்தி அலுவலகத்தின் விதம். எல்லாம் பெரிய ஆங்கில எழுத்து, இடைவெளி இல்லை, புள்ளி இல்லை, கடைசியில் பட்டம். ஆகவே போர்டிங் பாஸில் பெயரோடு "மிஸ்டர்" என்பதன் இரண்டு எழுத்துகள் ஒட்டிக்கொண்டு வந்தால் அது பிழை அல்ல. விமான நிலையத்தில் யாரும் அதைக் கண்டு கண் சிமிட்டக்கூட மாட்டார்கள். இதே பழக்கத்தால் அவதிப்படுகிறவர்கள் வேறு சிலர். அம்ர் என்ற அரபுப் பெயரின் கடைசி இரண்டு எழுத்துகளை மிஸ்டர் என்று கணினி எடுத்துக்கொண்டு, மனிதருக்கு "அ" மட்டும் மிச்சம் வைத்ததுண்டு.

எதை எழுதுவது என்று ஐயம் வந்தால் கடவுச்சீட்டின் அடியில் உள்ள இரண்டு வரிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றும் 44 இடங்கள் கொண்ட, இயந்திரம் படிக்கும் வரிகள். முதல் வரியில் பெயருக்கு 39 இடங்கள். குடும்பப் பெயர் முதலில் வரும், பிறகு இரண்டு கோணக் குறிகள், பிறகு இயற்பெயர். எல்லையில் படிக்கப்போவது இந்த வரியைத்தான். டிக்கெட்டும் இதையே ஒட்டி இருக்கட்டும். தலைப்பெழுத்தை விரிப்பதா, விடுவதா என்ற கேள்விக்கும் விடை இங்கேயே இருக்கிறது.

ஒற்றைப் பெயர்க்காரர்கள்தான் உண்மையில் பாவம். குடும்பப் பெயர் பெட்டி காலியாக இருந்தால் படிவம் நகராது. சில நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு பெட்டிகளிலும் எழுதச் சொல்கின்றன. சில, "முதற்பெயர் தெரியாது" என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தைப் போடச் சொல்கின்றன. நீங்களாக ஒரு புள்ளியோ கோடோ போட்டுத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். அந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று தேடி, அதன்படி எழுதி, எழுதியதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் செக்-இன் செய்யும்போது அதே வடிவத்தைக் கேட்பார்கள்.

இயற்பெயரும் குடும்பப் பெயரும் பெட்டி மாறிவிட்டாலோ ஓர் எழுத்து பிசகிவிட்டாலோ அன்றே அழையுங்கள். எழுத்துத் திருத்தம் வேறு, பெயர் மாற்றம் வேறு. முதலாவதைப் பல நிறுவனங்கள் எளிதாகச் செய்துதரும், இரண்டாவதைப் பெரும்பாலும் அனுமதிக்காது. நாள் கடந்தால் முதலாவதையும் இரண்டாவதாகப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

அறிகுறி: எல்லாம் சரி, ஊரும் நாளும்தான் தவறு

2017இல் ஒரு டச்சு இளைஞர் மலிவான டிக்கெட் கிடைத்த மகிழ்ச்சியில் சிட்னிக்குப் புறப்பட்டு, பனி பெய்யும் சிட்னியில் இறங்கினார். கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்திலும் ஒரு சிட்னி இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஒரு சான் ஹொசே, கோஸ்டா ரிக்காவில் ஒரு சான் ஹொசே. இங்கிலாந்தில் ஒரு பர்மிங்காம், அலபாமாவில் ஒன்று. தேடல் பெட்டி பட்டியலைக் காட்டும்போது ஊர்ப் பெயரைப் பார்க்காமல் நாட்டையும் விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டையும் பாருங்கள்.

நள்ளிரவு 00:10க்குப் புறப்படும் விமானம் இன்னொரு பொறி. 15ஆம் தேதி 00:10 என்றால் 14ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அச்சாகும் நேரமெல்லாம் அந்தந்த ஊர் நேரம். வருகை நேரத்தின் பக்கத்தில் சின்னதாக +1 என்று இருந்தால் மறுநாள் என்று பொருள். 3/4 என்பது மார்ச் 4ஆ, ஏப்ரல் 3ஆ என்று தளத்துக்குத் தளம் மாறும். மாதத்தை எழுத்தில் காட்டும் பக்கம் வரும்வரை பணம் கட்டாதீர்கள்.

அறிகுறி: பி.என்.ஆர். கையில் இருக்கிறது, தளம் "அப்படி ஒன்றும் இல்லை" என்கிறது

முகவர் தளத்தில் வாங்கியிருந்தால், மின்னஞ்சலின் தலைப்பில் பெரிதாக இருப்பது முகவரின் சொந்த எண். விமான நிறுவனத்தின் ஆறு இடக் குறியீடு உள்ளே எங்காவது சிறிய எழுத்தில் இருக்கும். ஒரு நிறுவனம் விற்று வேறொரு நிறுவனம் பறக்கவிடும் கூட்டு விமானம் என்றால் இரண்டு நிறுவனங்களுக்கும் தனித்தனிக் குறியீடு இருக்கக்கூடும். பறக்கவிடும் நிறுவனத்தின் குறியீட்டை விற்ற நிறுவனத்திடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சுழியமும் ஓ எழுத்தும் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். குடும்பப் பெயரை இடைவெளியின்றி எழுதியும் முயலுங்கள். எல்லாம் செய்தும் கிடைக்கவில்லை, ஆனால் 13 இலக்க டிக்கெட் எண் இருக்கிறது என்றால் அதை வைத்துத் தேடுங்கள். பல தளங்கள் அதையும் ஏற்கும்.

அறிகுறி: இணையச் செக்-இன் மறுக்கிறது

பெரும்பாலும் தளத்தின் கோளாறு அல்ல. விசா, கடவுச்சீட்டு ஆவணங்களை ஆள் பார்க்க வேண்டும், அல்லது உடன் மடிக்குழந்தை இருக்கிறது, அல்லது கூட்டு விமானம், அல்லது பாதுகாப்புச் சோதனைக்குப் பெயர் தேர்வாகியிருக்கிறது. கவுண்டருக்குப் போனால் தீரும். ஒரே ஒரு விதிவிலக்கு: டிக்கெட் எண் இல்லாவிட்டாலும் இப்படித்தான் மறுக்கும். அதை மட்டும் முந்தைய நாளே பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: நேரம் மாறிவிட்டது, பணம் கட்டிய இருக்கை மறைந்துவிட்டது

நேரம் மாறினால் ஒரு மின்னஞ்சல் வரும். அதில் "ஏற்கிறேன்" என்ற பெரிய பொத்தான் இருக்கும். அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். ஏற்றுவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்கும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். 2024இல் அமெரிக்கா வகுத்த விதியில் உள்நாட்டுப் பயணம் மூன்று மணி நேரமோ, பன்னாட்டுப் பயணம் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ தள்ளிப்போய், பயணி மாற்றுப் பயணத்தை ஏற்காவிட்டால் பணம் திரும்ப வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ரத்துக்கென 2004இல் இயற்றிய தனி விதி இருக்கிறது. உங்கள் பயணத்துக்கு எது பொருந்தும் என்று பார்த்தபிறகு விரலை நீட்டலாம்.

இருக்கைக்கும் பெட்டிக்கும் கட்டிய பணம் டிக்கெட்டில் இருப்பதில்லை. அவற்றுக்கு வேறொரு மின்ஆவணம், அதற்கும் 13 இலக்கங்கள். விமான வகை மாறும்போது இந்த ஆவணம் டிக்கெட்டிலிருந்து கழன்றுவிடுவது வழக்கம். வாங்கிய அன்று வந்த ரசீதை அழிக்காமல் வைத்திருந்தால் அந்த எண்ணைச் சொல்லி இருக்கையையோ பணத்தையோ கேட்கலாம்.

அறிகுறி: தளமே திறக்கவில்லை

வைஃபையை விட்டுக் கைபேசி இணையத்தில் திறந்து பாருங்கள், செயலியையும் பாருங்கள். மூன்றிலும் இல்லை என்றால் கோளாறு உங்களிடம் இல்லை. 2017 மே மாதத்தில் மின்சாரக் கோளாறால் பிரிட்டிஷ் ஏர்வேஸின் கணினிகள் படுத்தன. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு பழுதான புதுப்பிப்பு உலகம் முழுவதும் விண்டோஸ் கணினிகளை நிறுத்தி, ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்தாக்கியது. இத்தகைய நாளில் பயணம் இருந்தால் போர்டிங் பாஸின் ஸ்கிரீன்ஷாட்டும் டிக்கெட் எண்ணும் கைபேசியில் தனியாக இருக்க வேண்டும். செயலிக்குள் இருப்பது செயலியோடு போய்விடும்.

இந்த நேரத்தில் உதவி எண்ணைத் தேடுபொறியில் தேடாதீர்கள். மேலே வரும் சில எண்கள் மோசடிக்காரர்கள் வைத்த தூண்டில். சமூக ஊடகத்தில் நீங்கள் புலம்பியதும் "உதவுகிறோம், எண் அனுப்புங்கள்" என்று வரும் கணக்குகளும் பல அப்படியே. டிக்கெட் மின்னஞ்சலில் இருக்கும் எண்ணை மட்டும் அழையுங்கள். சமூக ஊடகத்தில் கோபத்தில் பி.என்.ஆர். தெரியும் படத்தைப் போட்டுவிடவும் வேண்டாம். குடும்பப் பெயரும் அந்த ஆறு எழுத்துகளும் சேர்ந்தால் உங்கள் முன்பதிவின் சாவி. 2020இல் ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபாட் போட்ட போர்டிங் பாஸ் படம் ஒன்றை வைத்தே அவருடைய கடவுச்சீட்டு எண்வரை ஒருவர் போய்விட்டார்.

எல்லாம் முயன்றும் பணம் வரவில்லை என்றால்

விமான நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் அனுப்பி, புகார் எண்ணை வாங்குங்கள். பதில் இல்லாவிட்டால் வங்கியில் அந்தப் பரிவர்த்தனையை எதிர்த்து மனு கொடுக்கலாம். அதற்குக் கால வரம்பு உண்டு என்பதால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். வங்கிக்கு வேண்டியது உங்கள் துயரக் கதை அல்ல: தொகை, தேதி, பி.என்.ஆர்., டிக்கெட் எண் இல்லை என்று காட்டும் படம், புகார் எண். ஆனால் ஒரே நிறுவனத்தில் இரண்டு முறை கட்டியிருந்து, அதில் ஒன்றில் இன்னும் பறக்கப்போகிறீர்கள் என்றால், எந்தப் பரிவர்த்தனை என்று வங்கியிடம் மிகத் தெளிவாகச் சொல்லுங்கள். தவறானதை எதிர்த்துவிட்டால் நிறுவனம் உங்கள் நல்ல டிக்கெட்டை ரத்து செய்துவிடும்.

எங்கள் விஷயத்தில் வங்கிவரை போகவேண்டி வரவில்லை. நான்காவது அழைப்பில் கிடைத்த பெண்மணி, முதல் முன்பதிவின் டிக்கெட் எண்களை எடுத்து, உயிரோடு இருந்த இரண்டாவது முன்பதிவில் பொருத்தினார். பத்து நிமிட வேலை. முந்தைய மூவரும் "உறுதிதான்" என்று சொல்லி வைத்தவர்கள். இவரிடம்தான் முதல்முறையாக டிக்கெட் எண்ணைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். அவர் சற்று மௌனமாக இருந்துவிட்டு, "இதில் இல்லையே" என்றார்.